என் பையில் இருந்த அவள் பாஸ்போர்ட்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு தூணைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும், அதன் சுற்றளவை அரை அங்குலம் பிசகாமல் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைதான். துபாயிலும் சார்ஜாவிலும் தெருத் தெருவாக வில்லாக்கள் எழும்பிய அந்த வருடங்களில், வாசலில் தூண் வைத்த பெரிய வீடு ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால், அந்தத் தூண் என் பட்டறையிலிருந்து போனதாக இருக்கலாம்.

அஜ்மானில் தகரக் கொட்டகை போட்டு நாற்பது ஆட்களை வைத்து அந்தத் தொழிலைச் செய்தேன். சிமெண்டில் கண்ணாடி நாரைக் கலந்து அச்சில் அடித்து எடுக்கிற தூண். இலை, சுருள், சிங்க முகம், எது கேட்டாலும் வரும். வீட்டுக்காரர்கள் படத்தைக் காட்டுவார்கள், நான் அச்சுச் செய்வேன். எல்லாப் படமும் ஐரோப்பாவில் எடுத்தது. ஒரு முறை வயதான அரபி ஒருவர் இத்தாலியில் தானே எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து, "சேம் சேம்" என்றார். இருபதே நாளில் நிறுத்திக் கொடுத்தேன். அவர் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "நீ ரோமுக்குப் போயிருக்கிறாயா?" இல்லை என்றேன். "பார்க்காமலே இப்படிச் செய்கிறாய். ஒரு தடவை போய்ப் பார்" என்றார். இன்ஜினியர்களிடம்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பேச்சு தலைக்கு ஏறிவிட்டது. கூடவே வேறொரு காரணமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு மூன்று நாள் லீவில் போனோம். பெண்ணைப் புதுக்கோட்டை வீட்டுக்குக் கூட்டி வந்து, என் மனைவியின் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு, மனைவியை என்னோடு துபாயில் இருந்த கராமா ஃப்ளாட்டுக்குத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. பேசினால் அந்த ஒரே பேச்சுத்தான்.

"தலைப்பிரசவத்துக்குப் பெத்தவ இங்க ஒக்காந்து ஏசி காத்து வாங்கிக்கிட்டு, தங்கச்சிய விட்டுப் பாக்கச் சொல்றது எந்த ஊரு வழக்கங்க?"

"இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு புள்ள. ஒம்பது பொறக்கட்டும், அனுப்பி வைக்கிறேன்."

"நீங்க அனுப்பி வைக்கிறதுக்குள்ள அவ பேரனே எடுத்துருவா."

உண்மையான காரணம் சோறு. பதினாறு வருடம் பேச்சிலர் ரூமில் ஆறு பேரோடு முறை வைத்துச் சமைத்துத் தின்றவன் நான். மனைவி வந்த பிறகு ஒரு நாள்கூட நான் அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. இரண்டு மாதத்துக்கு மறுபடியும் அதுவா என்று நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், சைட் வேலை, ஹேண்டோவர் என்று எதையெதையோ சொல்லிக்கொண்டிருந்தேன். ரோமைக் காட்டினால் கொஞ்ச நாளைக்கு அவள் மனம் ஆறும் என்பதும் என் திட்டத்தில் இருந்தது. எங்கே போகிறோம் என்று சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "போயிட்டு வந்ததும் என்னைய ஊருக்கு அனுப்பணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன்.

வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு ஒரு நாள் நானே எடுத்துக்கொண்டேன், என் கம்பெனிக்கு நான்தானே முதலாளி. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் விமானம் ஏறினோம். இடுப்பில் ஒரு தோல் பை கட்டியிருந்தேன். இரண்டு பாஸ்போர்ட், யூரோ நோட்டு, ஹோட்டல் பேர் எழுதிய தாள், ரயில் டிக்கெட், எல்லாம் அதற்குள். போன் ஒன்றுதான், என்னுடையது. ஒன்றாகவே இருக்கப் போகிறவர்களுக்கு இரண்டு போன் எதற்கு?

பாஸ்போர்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வளைகுடாவில் வேலைக்கு வந்தவர்களின் பாஸ்போர்ட் கம்பெனியில்தான் இருக்கும். சட்டம் கூடாது என்றுதான் சொல்கிறது, ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். சவூதியில், தம்மாமில் என் முதல் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபி, என் பாஸ்போர்ட்டை எட்டு வருடம் தன் மேசையில் பூட்டி வைத்திருந்தார். ஒரு மடிப்பு விழாமல் திரும்பி வந்தது. நானும் என் ஆட்களுடையதை அப்படித்தான் இரும்பு அலமாரியில் வைத்துக் காப்பாற்றினேன். மனைவியுடையதும் அங்கேதான் இருந்தது, ஆட்களுடையதற்கு மேல் தட்டில். அவளுக்கு விசா எடுத்தது நான். காகிதப்படி அவளுக்கும் நான்தான் கஃபீல். அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ரோமில் முதல் நாள் நன்றாகத்தான் போனது. பஸ் வேண்டாம், நடந்து பார்த்தால்தான் கட்டடம் பிடிபடும் என்று சொல்லிவிட்டேன். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, மேலே என் ஸ்வெட்டர், கையில் புளியோதரை டப்பா, இப்படித்தான் அவள் என் பின்னால் வந்தாள். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பாவியிருந்தார்கள். ஏறினால் இறங்கவேண்டும், இறங்கினால் ஏறவேண்டும். இரண்டாயிரம் வருடத்துத் தூண்கள் மழையிலும் வெயிலிலும் அப்படியே நிற்கின்றன. நான் டேப்பை எடுத்து அடியைச் சுற்றி அளந்தேன். காவலாளி விசில் அடித்தான். அளந்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, உள்ளே முழுக்கல்.

"ஒங்க தூணத் தட்டுனா டொம்முன்னு கேக்குமே" என்றாள்.

"அது உள்ள காலி. அதான் ரெண்டு பேரு தூக்கிட்டுப் போய் வைக்க முடியுது. இதத் தூக்க நூறு பேரு வேணும்."

"இது கூரையத் தாங்குது. ஒங்களுது சும்மா நிக்கிது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வளைகாப்புக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ஆனாலும் திட்டம் பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ரயில் பிடித்து ஃப்ளாரன்ஸ் போனோம். சாயங்காலம் ரோமுக்கே திரும்புவதாக ஏற்பாடு. அரபி எடுத்த போட்டோவில் இருந்த தூண்கள் அந்த ஊரில்தான். ஸ்டேஷனிலிருந்து நடையாக நடந்து, கேட்டுக் கேட்டு, ஒரு சதுக்கத்தின் ஓரத்தில் அந்தத் தூண்களைக் கண்டுபிடித்துவிட்டேன். என் கையால் அச்சு எடுத்த அதே சுருள், அதே இலை. பின்பக்கம் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று போட்டோவில் தெரியவில்லை, நான் குத்துமதிப்பாகத்தான் செய்திருந்தேன். அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

"இங்கனயே நில்லு, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்" என்று அவளை ஒரு சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனேன்.

பின்பக்கம் போனால் அங்கே இன்னொரு கட்டடம், அதற்குள் ஒரு முற்றம், அதைச் சுற்றி வேறு மாதிரித் தூண்கள். அளந்தேன், தாளில் படம் போட்டேன், உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிடம் என்றது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் சிலை இருக்கிறது, அவள் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காத ஆட்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. சதுக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். எங்கே பார்த்தாலும் கொடி பிடித்தவன் பின்னால் ஐம்பது பேர். புடவை ஒன்றுகூட இல்லை. மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. அவளிடம் போன் இல்லை. காசு இல்லை. ஹோட்டல் பேர் தெரியாது. இது எந்த ஊர் என்றாவது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தாலும், தான் யார் என்று காட்ட அவள் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. எல்லாம் என் இடுப்பில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் என் போன் அடித்தது. மாப்பிள்ளை, திருச்சியிலிருந்து.

"மாமா, அவளுக்குக் காலையில இருந்து தலைவலி, காலெல்லாம் வீங்கிருச்சு. பிரஷர் ரொம்ப ஏறிப்போச்சுன்னு புதுக்கோட்டைல இருந்து இங்க அனுப்பிட்டாங்க. சேத்துருக்கோம். அத்தைகிட்டக் குடுங்க மாமா, அம்மா அம்மாங்குறா."

"அத்தை சர்ச்சுக்குள்ள இருக்கா. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு போலீஸ் நிலையத்தைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். ஒரு பெண் போலீஸ், பொறுமையான பெண். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். போட்டோ இருக்கிறதா என்றாள். பையைத் திறந்து மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"இது உங்களிடம் இருக்கிறது. அப்படியென்றால் அவரிடம் என்ன இருக்கிறது?"

"நத்திங்" என்றேன்.

"ஏன் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்?"

"சேஃப்டி. மை வைஃப். ஐ கீப்."

அவள் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். அரபிகள் முன்னாலும் இன்ஜினியர்கள் முன்னாலும் நிமிர்ந்து நின்று பேசியவன் நான். அங்கே அந்த மேசைக்கு முன்னால் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தை இல்லாததால் மட்டும் அல்ல. தமிழில் கேட்டிருந்தாலும் அதைவிட நல்ல பதில் என்னிடம் இருந்திருக்காது.

அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடியும் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒருவன் இந்தியில், "பாய், உங்கள் மனைவி என் கடையில் இருக்கிறார்" என்றான். இடத்தைப் பெண் போலீஸிடம் சொல்லச் சொல்லிப் போனைக் கொடுத்தேன். அவளே வழி எழுதிக் கொடுத்தாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்து. வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கடை. பங்களாதேஷ்காரன் நடத்துகிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி, கையில் டீ கிளாஸ். ஷூவைக் கழற்றியிருந்தாள், இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து போயிருந்தது. கராமா மார்க்கெட்டில் பழகிய இந்தியை வைத்துக்கொண்டு அவள் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது.

"நிக்கச் சொன்ன எடத்துல நிக்கத் தெரியாதா ஒனக்கு? எங்கன போன?"

"ஒண்ணுக்கு வந்துச்சு" என்றாள். குரலே உயரவில்லை. "எவ்வளவு நேரந்தான் அடக்கிக்கிட்டு நிக்கிறது? ஒரு எடத்துல கேட்டா காசு வேணுங்குறாங்க. எங்கிட்ட ஏது காசு? இன்னொரு எடத்தக் காட்டுனாங்க, போனேன். வெளிய வந்தா எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கு."

கடைக்காரன் நடுவில் புகுந்தான். "அக்காவைத் திட்டாதே பாய். நிறைய அழுதார்" என்று இந்தியில் சொன்னான். எனக்கு அவன் புத்தி சொல்வதா என்று முறைத்தேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஊருல இருந்து போன் வந்துச்சா?"

"இல்லையே."

"மாப்ள ஒண்ணும் பேசலயா?"

"காலைல பேசுனாரு. எல்லாரும் நல்லாருக்காங்களாம்."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "முதல்ல நா ஒங்களுக்குப் போன் போடல. வீட்டுக்குத்தான் போட்டேன். துணி எடுக்க வந்த என் தங்கச்சி எடுத்தா. புள்ளைக்குப் பிரஷரு ஏறித் திருச்சில சேத்துருக்காங்களாம். 'மச்சான்கிட்ட மாப்ள அப்பவே சொல்லிட்டாரேக்கா, ஒங்கிட்டச் சொல்லலையா?'ன்னு கேக்குறா. நா அவளுக்கு என்னங்க பதில் சொல்லட்டும்?"

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு நான் ஏன் மறைத்தேன் என்று புரியும். ஊரில் ஒன்று நடந்தால் அதை நேராகச் சொல்ல மாட்டோம். தகப்பன் செத்துப்போன ஆளிடம், "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலயாம், பாத்துட்டு வா" என்று சொல்லித்தான் விமானம் ஏற்றுவோம். தூரத்தில் இருப்பவன் வழியெல்லாம் அழுதுகொண்டு போகக்கூடாது என்கிற நல்ல எண்ணம் அது. என் ஆட்கள் நான்கைந்து பேரை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். ரயிலில் திரும்பும்போது இதை அவளிடம் சொன்னேன். துபாய் போய் நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றேன்.

"நா என்ன ஒங்க கம்பெனி லேபரா?" என்றாள்.

அதற்குப் பிறகு ரோம் வரும் வரை ஜன்னல் பக்கம்தான் திரும்பியிருந்தாள். ஞாயிறு மதியம் எங்களுக்கு விமானம். அதற்கு முன்னால் ஏதாவது கிடைக்குமா என்று எல்லா இடத்திலும் கேட்டேன், எவ்வளவு ஆனாலும் தருகிறேன் என்றேன். இடம் இல்லை. என் வாழ்க்கையில் கொஞ்ச காலமாகக் கேட்காமல் இருந்த பதில் அது.

ஞாயிறு காலை ஹோட்டலில் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கூப்பிட்டார். இந்த முறை போனை நேராக அவள் கையில் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், "சரி தம்பி, சரி தம்பி" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் மகளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"உள்ள கொண்டு போறப்போ எங்கம்மா எங்கன்னு கேட்டாளாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டினாள்.

விமான நிலையத்தில் இரண்டு பாஸ்போர்ட்டையும் நான்தான் கவுண்டரில் வைத்தேன். முத்திரை குத்திய அதிகாரி என்னுடையதை எனக்கும் அவளுடையதை அவளுக்கும் கொடுத்தார். அவள் அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவள், அன்று துபாய் வரை எனக்கு முன்னால் போனாள். துபாயிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன், கராமாவுக்கு வராமலே திருச்சிக்கு ஏறிவிட்டாள். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மகள் அதற்கு முன்பே கண் விழித்துவிட்டாள். அப்போது பக்கத்தில் இருந்தது சித்தி.

பேத்தி ஐந்து வாரம் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தாள். மகளும் தேறினாள். பிழைக்காமல் போயிருந்தால் இதை எழுத என்னால் முடிந்திருக்காது. மகள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். இரண்டு மாதம் போனது, நான்கு மாதம் போனது. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள் மனைவி, பிறகு குப்புற விழட்டும் என்றாள். துபாய் விசாவில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அந்த விசா தானாகவே செத்துவிடும். ஐந்தாவது மாதம் முடியும்போது பயந்து போன் செய்தேன்.

"ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ புள்ள. எறங்கி ஒரு முத்திர குத்திட்டு மறுநாளே கூடத் திரும்பிரலாம். இல்லேனா விசா போயிரும்."

"போனாப் போகட்டுங்க."

"பதினோரு வருசமா வச்சிருந்த விசா."

"நீங்கதான் வச்சிருந்தீங்க" என்றாள்.

விசா போய்விட்டது. அவளைத் தடுத்து நிறுத்த என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, வரவழைக்கவும் இல்லை. நாற்பது ஆட்களின் பாஸ்போர்ட் இரும்பு அலமாரியில் பழையபடியே இருந்தது. அதையெல்லாம் அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும், கேட்ட அன்றே கொடுக்க ஆரம்பித்தேன். அதுவே மற்ற கம்பெனிக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

பேத்திக்கு ஒரு வயது நிரம்பிய பிறகு ஒரு நாள் மனைவியே கூப்பிட்டாள். கொஞ்ச நாளைக்கு வந்து பார்க்கிறேன், ஒரு மாத விசிட் விசா எடுங்கள் என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எடுத்துர்றேன். பாஸ்போர்ட்ட நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அடுத்த வாரம் வர்றான், அவன்கிட்டக் குடுத்து அனுப்பு."

"பாஸ்போர்ட்டு எதுக்கு? காப்பி இருந்தாப் போதுமாம். விசாரிச்சுட்டேன்."

மறுநாள் என் ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷினில் அவள் முகம் கறுப்பு வெள்ளையாக மெல்ல இறங்கி வந்தது. பெயர், பிறந்த தேதி, கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு டைப்பிங் சென்டருக்குப் போய், என் மனைவி என்னைப் பார்க்க வருவதற்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிவிட்டு வரிசையில் உட்கார்ந்தேன்.